பந்தி விதி

என்செலடஸ் நிலையம். நாள் 212. காலை 9:10

இந்தக் குரல் பதிவைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். சனியின் இந்தத் துணைக்கோளில் பனிக்குப் பஞ்சமில்லை. ஆள்தான் இரண்டே பேர். ஒருவர் பனி துளைக்கும் பொறியாளர் ரெமிஜியுஸ், தூத்துக்குடிக்காரர். எடைச் சோதனைக்காரர்களை ஏமாற்றிக் கருவாடு கொண்டுவந்தவர். இன்னொருவர் நான், வேதநாயகி. ஒரே சமயத்தில் ஓடும் பல கணினிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாது என்று கணித மாதிரி எழுதி நிரூபிப்பது என் பிழைப்பு. என் வீட்டுக்காரருக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் "டைப் அடிக்கிறாள்" என்று சொல்லி முடித்துவிடுவார்.

இன்றைய வேலை: நிலையத்திலிருந்து வெளியே போய்வரும் கதவறையின் உள்கதவுக்கும் வெளிக்கதவுக்கும் தனித்தனிக் கணினி. இரண்டின் கடிகாரமும் இம்மியளவு முன்பின்னாக ஓடி, பதிவில் எப்போதும் குழப்பம். இரண்டையும் ஒரே கடிகாரத்தில் கட்டிவிட்டேன். இப்போது பதிவு பார்க்க லட்சணமாக இருக்கிறது. மதியம் பொட்டலச் சாம்பார் சாதம்.

பகல் 1:05

ரெமி வெளிவேலை முடித்துக் கதவறைக்குள் வந்தார். வெளிக்கதவு மூடியது. அவர் உள்கதவுப் பொத்தானை அழுத்திய கணத்திலேயே, பின்னால் தானாக ஊர்ந்து வந்த பனிவண்டியும் வெளிக்கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறது. இரண்டு கதவும் திறக்கவில்லை.

"யக்கா, என்ன இது? ரெண்டு கதவும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்கி."

"இருங்க தம்பி, பார்க்கறேன். கருவாட்டு வாசனை பிடிக்கலையோ என்னவோ."

"அது வாசனைன்னு ஒத்துக்கிட்டியளே, அது போதும்."

பகல் 1:20

சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

இரண்டு கதவும் சேர்ந்து திறந்தால் நிலையத்தின் காற்று மொத்தமும் வெளியே போய்விடும். அதைத் தடுக்க நான் எழுதிய விதி இது: திறக்க நினைக்கும் கதவு மற்றதைக் கேட்க வேண்டும். மற்றதும் அப்போதே கேட்டால், விட்டுக்கொடுத்து, அரை நிமிடம் பொறுத்து மறுபடி கேட்க வேண்டும். எங்கள் கும்பகோணத்துச் சம்பந்திகள் பந்தியில் செய்வதுதான். "நீங்க உட்காருங்க." "ஐயோ, நீங்க முதல்ல." செல்லமாகப் பந்தி விதி என்று பெயர் வைத்தேன். கருத்தரங்கில் கைதட்டினார்கள்.

பந்தியில் யாராவது ஒருவருக்குப் பசி தாங்காது, உட்கார்ந்துவிடுவார். கதவுகளுக்கு இதுவரை அந்தப் பசியைத் தந்தது கடிகாரங்களின் இம்மியளவு வித்தியாசம். காலையில் அதை நான் சரிசெய்துவிட்டேன். இரண்டும் ஒன்றாகக் கேட்கின்றன, ஒன்றாக விட்டுக்கொடுக்கின்றன, ஒன்றாகப் பொறுக்கின்றன. மறுபடி ஒன்றாகக் கேட்கின்றன.

கதவறையில் காற்றில்லை. உள்கதவுக்கு முறை கிடைத்து, அது திறந்தால்தான் அறை நிரம்பும். ரெமியின் உடையில் இரண்டேகால் வரைக்குத்தான் காற்று.

பகல் 1:42

பனிவண்டியைப் பின்வாங்கச் சொன்னேன். பின்வாங்கியது. ஆனால் அது கேட்டது கேட்டபடியே நிற்கிறது. ஒருமுறை கேட்டதைத் திரும்பப் பெற நான் வழி வைக்கவில்லை. வைத்திருந்தால் நிரூபணம் நாற்பது பக்கம் நீண்டிருக்கும். கணினிகளை அணைத்துப் போடலாமென்றால், கேள்வி எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது என்கிறது அமைப்பு. கடிகாரக் கம்பி சுவருக்குள் ஓடுகிறது. பலகையைப் பெயர்க்கவே ஒரு மணி நேரம் ஆகும்.

கையால் திறக்கும் சக்கரம், அழுத்தமானி, ஒரு கதவு திறந்தால் மற்றதை இறுக்கிவிடும் குறுக்குப் பூட்டு எல்லாம் முதல் வரைபடத்தில் இருந்தன. "மேடத்தோட நிரூபணம் இருக்கே, இரும்பு எதுக்கு?" என்று எடையைக் குறைத்தார்கள். நான் அன்று பெருமையில் பூரித்துப்போனேன்.

"யக்கா, கொஞ்சம் தலைய வலிக்கி."

"பேசாதீங்க தம்பி. காத்து வீணாகும்."

"நீங்க சொல்லுதியளா இத!"

பகல் 1:58

வழி கிடைத்துவிட்டது. ஓடும்போதே சேர்க்கக்கூடிய புது விதி: பத்து முறை விட்டுக்கொடுத்த கதவு, அதற்குமேல் கேட்காமல் திறந்துகொள்ளலாம். யார் முதலில் பத்தைத் தொடுகிறாரோ அவர் உட்கார்ந்துவிடுவார். மாதிரியில் போட்டுப் பார்த்தேன். முப்பது நொடியில் பச்சை விளக்கு: "இரு கதவும் சேர்ந்து திறக்கும் நிலை இல்லை." இரண்டு கணினிக்கும் அனுப்பிவிட்டேன்.

"தம்பி, அஞ்சே நிமிஷம், கதவுல பச்சை விளக்கு எரியும். உள்ளே வந்ததும் கருவாட்டை வறுங்க. நானும் சாப்பிடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

பகல் 2:01

உள்கதவு: ஆறு. வெளிக்கதவு: ஆறு.

ஏழு. ஏழு.

ஒருவர் முந்துவார் என்று எப்படி நினைத்தேன்? என் மாதிரியில் இரண்டு காரியம் நடந்தால், ஒன்று முன்னால், மற்றது பின்னால். எல்லா வரிசையையும் சோதித்தேன். "ஒரே சமயத்தில்" என்பதற்கு அதில் இடமே இல்லை. பச்சை விளக்கு பொய் சொல்லவில்லை. நான் கேட்காததை அது சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அனுப்பிய விதியைத் திரும்பப் பெற முடியாது. அதுவும் கேட்டது கேட்டதுதான்.

என் விண்ணுடை கதவறை அலமாரியில், ரெமியின் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறது.

எட்டு. எட்டு.

"தம்பி, எதையாவது கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

"எதுக்குக்கா? பச்சை வெளக்கு எரியப்போவுதுல்லா?"

கடப்பாரையை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போகிறேன். கம்பி அறுந்தால் போதும், யாராவது ஒருவர் முந்

தானியங்கிப் பதிவு. பகல் 2:03:00

உள்கதவு திறந்தது.
வெளிக்கதவு திறந்தது.
எது முதலில்: தெரியவில்லை.
இரு கதவும் சேர்ந்து திறந்திருக்கும் நிலை: மாதிரியில் இல்லை.
விதி மீறல்: இல்லை.