நீங்கள் குறித்து வைத்த செங்கல்

இன்று காலை என் முழங்கை வரைக்கும் செங்கல் தூள். கழுவலாமென்று குழாயைத் திறந்தேன். தண்ணீர் பட்டதும் சூளையில் வருமே, அந்த வாசனை வந்தது. குழாயை மூடிவிட்டேன்.

நம் வீட்டு முன்சுவரில் எத்தனையோ தடவை துளை போட்டிருக்கிறீர்கள். ஒரு தடவையும் சிவப்புத் தூள் விழுந்ததில்லை, சாம்பல் நிறத் தூள்தான் விழும். வீடு கட்டும்போது, முன்சுவரைப் பூச வேண்டாம், கல் தெரியட்டும் என்றீர்கள். சூளைக்கே போய் இரண்டிரண்டு கல்லாக மோதிப் பார்த்து, கணீரென்று கேட்டதை மட்டும் ஏற்றச் சொன்னீர்கள். அப்படிச் சேர்த்த கல்லில் ஓட்டை போட உங்களுக்கு மனம் வரவில்லை. மாதா கோயிலில் கொடியேறியதும் நம் தெருவில் வீட்டுக்கு வீடு நீலமும் வெள்ளையுமாகக் கொடி வைப்பார்கள். அந்தக் கம்பைச் செருகும் இரும்புத் தாங்கியை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற சிமெண்டில்தான் முடுக்குவீர்கள்.

"சந்துல போட்டா நிக்காதுங்க" என்பேன்.

"நல்ல கல்லப் போயி பொளக்கச் சொல்றியே டீச்சர்!"

போன திருவிழாவில் சப்பரம் நம் வாசலுக்கு வந்த நேரத்தில் காற்று ஒரு சுழற்று சுழற்றியது. தாங்கி, கம்பு, கொடி எல்லாம் கழன்று பேண்டுக்காரர் தோளில் விழுந்தன. திருவிழா முடிந்த பிறகுதானே கொடியை இறக்குவது? எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் விடுவாரா?

"என்ன மாமா, அதுக்குள்ள கொடியிறக்கிட்டீங்க? எங்களுக்கெல்லாம் இன்னும் திருவிழா முடியலயே!"

எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தது நீங்கள். மறுநாள் என் பழைய சாக்பீஸ் டப்பாவோடு ஸ்டூலில் ஏறினீர்கள். சன்ஷேடுக்குக் கீழே ஒரு கல்லைத் தட்டிப் பார்த்து, அதன் நடுவில் இரண்டு கூட்டல் குறி போட்டீர்கள். "இந்தக் கல்லு தாங்கும். அடுத்த திருவிழாவுக்கு இதுலயே போட்டுருவோம்." புதுத் தாங்கியும் திருகாணியும் வாங்கி அலமாரியில் வைத்தீர்கள். தை மாதம் நீங்களே போய்விட்டீர்கள். சன்ஷேடு மறைத்ததால் குறிகள் மழையில் கரையவில்லை.

நாளை கொடியேற்றம். எதிர்வீட்டில் டிரில்லிங் மெஷின் கேட்டேன். "நான் போட்டுத் தாரேன், டீச்சர்" என்றார். நானே போடுகிறேன் என்றேன். ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள உங்கள் தங்கை மேரி வந்தாள்.

"அண்ணி, துக்க வீட்டுல இந்த வருசம் கொடி கட்டக் கூடாதுல்ல?"

"கொடி கட்டலம்மா. தாங்கி மட்டுந்தான்."

"கொடியில்லாம தாங்கி எதுக்கு?"

"ஒங்கண்ணன் சொல்லி வச்ச வேலை."

நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். "அய்யோ, அது அண்ணன் கை பட்ட குறியில்ல? அழிஞ்சு போயிருமே. ஒரு கல்லு அங்கிட்டுத் தள்ளிப் போடுங்க அண்ணி."

எனக்கும் அதுதான் தயக்கம். உங்கள் சட்டைகளைக் கொடுத்தாயிற்று. செருப்பும் போயிற்று. உங்கள் கையால் போட்டு அப்படியே நிற்பது இந்த இரண்டு குறிகள்தான். ஆனால் அங்கிட்டுத் தள்ளினால் கம்பு கரண்டு வயரில் தட்டும். இங்கிட்டுத் தள்ளினால் சன்னல் கதவு திறக்காது. அளந்து பார்த்துத்தானே போட்டிருக்கிறீர்கள்.

முதல் குறியின் நடுவில் மெஷினின் முனையை வைத்தேன். கல் விரிசல் விடாமல் மெதுவாக, சின்னத் துளையாகத் தொடங்கினேன். வெள்ளைக் கோடு ஒரு நொடி அதிர்ந்தது. அப்புறம் எல்லாம் சிவப்பு. இரண்டாவதும் அப்படித்தான். மேரி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வகுப்பில் சொல்வது போலச் சொன்னால், பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது: தொடுவது தெரிகிறது, இழுப்பது தெரிகிறது, வலி மட்டும் எங்கோ வெளியில் காத்திருக்கிறது. தை மாதத்திலிருந்தே அப்படித்தான் இருக்கிறேன்.

திருகாணியை முடுக்கிவிட்டு இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது.

"நின்னுருச்சா டீச்சர்?"

"நின்னுருச்சு."

அவர் இந்தத் தடவை கேலி எதுவும் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

நாளை தெரு முழுக்க நீலமும் வெள்ளையுமாக இருக்கும். நம் சுவரில் தாங்கி மட்டும் வெறுமனே நிற்கும். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். கொடி அலமாரியில் மடித்தபடி இருக்கிறது, அடுத்த வருஷத்துக்கு.

மத்தியானம் ஆகிவிட்டது, இன்னும் கையைக் கழுவவில்லை. முழங்கை வரைக்கும் சிவப்பாகத்தான் தெரிகிறது. நீங்கள் போட்ட வெள்ளையும் இதற்குள்தான் எங்கோ இருக்க வேண்டும்.