ஐந்தாம் கிலோமீட்டரில் ஒரு புளியங்கொட்டை

மகள் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம், ஓடுகிற தூரத்தை ஒரு மீட்டர் பிசகாமல் காட்டுகிறது. இன்று காலை அதைக் கட்டிக்கொண்டு விக்கிரமசிங்கபுரத்தில் நம் பழைய வழியில் போனேன். எழுபதை நெருங்குகிற ஆள் ஓடினேன் என்று எழுதினால் சிரிப்பீர். வேகமாக நடந்தேன் என்று வைத்துக்கொள்ளும். மில் வாசலிலிருந்து நாலாவது கிலோமீட்டர் முடியும் மதகு வரை, அன்று நீர் சைக்கிளில் அளந்த அளவு அச்சு அசல். அதற்கு அடுத்ததில்தான் கடிகாரம் ஒரு சங்கதியைக் காட்டியது. நீர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகியும் அதை உம்மிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் தபாலாபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். நீர் நூல் மில்லில் இருந்தீர். இருவருக்கும் நாற்பது வயது. மில் அணிக்காக நெடுந்தூரம் ஓடி, முழங்கால் கெட்டு நின்றுவிட்டவர் நீர். மதுரையில் மாரத்தான் நடக்கப் போகிறது என்று பேப்பரில் படித்துவிட்டு, நாற்பத்திரண்டு கிலோமீட்டரை ஒரு மனுஷன் எப்படித்தான் ஓடுகிறான் என்று உம்மிடம் கேட்டேன். “ஓடித்தான் பாருமே வே” என்றீர்.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. காலையில் மில் சங்கு ஊதியதும் நான் ஓட, நீர் சைக்கிளில் பின்னால் வருவீர். எடுத்த எடுப்பில் நான் பறந்தால், முந்தின நாள் என் வீட்டில் என்ன குழம்பு என்று விசாரிப்பீர். பதில் சொல்ல மூச்சு திணறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அதுதான் உம் விதி. என் வீட்டுச் சமையல் முழுக்க உமக்கு அப்படித்தான் தெரிந்தது.

அந்த வழியை நீர் அளந்த விதம் எனக்கு இன்னும் அதிசயம். சைக்கிளின் பின்சக்கரக் கம்பியில் சிவப்புத் துணி கட்டி, அது எத்தனை முறை சுற்றி வருகிறது என்று எண்ணினீர். ஐம்பது சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை இடது பையிலிருந்து வலது பைக்குப் போகும். ஒன்பது கொட்டை சேர்ந்தால் ஒரு கிலோமீட்டர். அளந்து முடித்த அன்று சலித்துக்கொண்டீர்: “எங்க போறீருன்னு கேக்குதாங்க வே. பதில் சொல்லாம போக முடியுமா? எண்ணிக்கை தப்புன எடத்துல அந்தக் கொட்டைய விட்டுட்டு அடுத்த ஐம்பத எண்ணுனேன். கூடுனா கூடட்டும், கொறஞ்சிரக் கூடாது.” நான் கேட்டுச் சிரித்ததோடு சரி.

பிறகு வந்ததுதான் ஐந்தாவது கிலோமீட்டர் வழக்கு. மதகிலிருந்து இரட்டை மருதமரம் வரை எப்படி ஓடினாலும் எனக்கு முக்கால் நிமிஷம் கூடுதலாக ஆனது. நீர் கடிகாரத்தைப் பார்ப்பீர், என்னைப் பார்ப்பீர். ஒருநாள், “டீக்கடை வந்ததும் உமக்குப் பராக்கு வே” என்று சொல்லிவிட்டீர். எனக்குச் சுருக்கென்றது. ஏற்கெனவே ஆபீசில் எல்லோரும் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த வயதில் எனக்கு எதற்கு இது என்று ஒன்பது நாள் வீட்டிலேயே கிடந்தேன். மாரத்தானுக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது.

பத்தாம் நாள் என் கவுண்டருக்கே வந்து ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கினீர். முகத்தைக்கூடப் பார்க்காமல் அங்கேயே நின்று எழுதி, பெட்டியில் போட்டுவிட்டுப் போனீர். மறுநாள் அது என் வீட்டுக்கு வந்தது. இரண்டே வரி: “இது கெடச்ச மறுநாள் சங்குக்கு வாரும். அஞ்சாவதுக்கு இனி நேரம் பாக்க மாட்டேன்.” சிரித்தேனா அழுதேனா என்று இப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் வந்தேன். சொன்னபடியே மதகு வந்ததும் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டீர்.

மதுரையில் ஐந்தாவது வரப்போகிறதே என்று எனக்கு ஒரே பயம். அது பாட்டுக்கு மற்றதைப் போலவே கடந்துபோனது. கடைசி மூன்று கிலோமீட்டரில் பாதியை நடந்து, எப்படியோ நாற்பத்திரண்டையும் முடித்தேன். முடிவுக் கோட்டில் நின்ற நீர் முதலில் கேட்டது நேற்று என்ன குழம்பு என்றுதான்.

இன்று காலை அதே டீக்கடை முன்னால் யாரோ முகம் தெரியாத ஒருவர், “எங்க அண்ணாச்சி, இவ்வளவு காலம்பற?” என்று கேட்டார். நின்று பதில் சொன்னேன். மருதமரத்தடிக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தால், ஐந்தாவது கிலோமீட்டர் ஆயிரத்து நூற்றுப் பத்து மீட்டர். சரியாக ஒரு புளியங்கொட்டைத் தூரம்.

நான் பராக்குப் பார்க்கவில்லை ஐயா. அளந்த அன்று உம்மையும் அந்த இடத்தில் யாரோ நிறுத்தி விசாரித்திருக்கிறார்; எண்ணிக்கை தப்பி ஒரு கொட்டை விட்டுப்போயிருக்கிறது. உம்முடைய சைக்கிளைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை, உமக்கும் தோன்றவில்லை. என்னைச் சோம்பேறி என்று நம்பிக்கொண்டேதான் நீர் அந்தக் கடிகாரத்தைக் கழற்றியிருக்கிறீர்.

அங்கே உம்மிடம் பேசியது யாராக இருக்கும்? நீர் என்ன பதில் சொன்னீர்? திரும்பி வரும்போது வழியெல்லாம் இதையே யோசித்தேன். மருதமரத்தடியில் என் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மதகு வந்த பிறகுதான் திரும்பக் கட்டினேன்.