பதினேழாவது பெயர்

சேலம்
14.3.1987

என் சாமிக்கு, என் மகளுக்கு,

இந்த வருடமும் பல்கலைக்கழகப் பெண்கள் ஹாக்கி அணியில் நீ ஆடும் இடது ஓரத்துக்குச் சரியான ஆள் அமையவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வருடம் நான் பதினாறு பெயர்களைப் படித்து முடிக்கும்வரை நீ வரிசையில் நின்றாய். பட்டியலில் நான் முதலில் எழுதியது உன் பெயரைத்தான். "கோச்சு புள்ளைங்கிறதால எடம் கெடச்சுதுங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று நானே அடித்துவிட்டேன். உன்னைவிட நன்றாக ஆடியவள் அதில் ஒருத்தியும் இல்லை.

நான் மாநில அணிக்கு ஆடிய நாட்களில், ஆறு வயதில் நீ கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று "அம்மா, அடி!" என்று கத்துவாய். நீ கல்லூரியில் சேர்ந்ததும், மைதானத்தில் மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்றேன்.

பட்டியலில் உன் பெயர் வராத அந்த மாதமே கல்யாணத்துக்குச் சம்மதித்தாய். கல்யாணம் முடிந்து குமாரபாளையத்துக்குக் கார் ஏறும்போது எல்லோரையும் கட்டிக்கொண்டு அழுதாய். என் முன்னால் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வாரேனுங்க, மேடம்" என்றாய்.

உன் ஸ்டிக்குக்குப் புது கிரிப் சுற்றி வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொண்டு போ. உள்ளேகூட வரவேண்டாம். வாசலில் நின்று, அந்த ஆறு வயதில் கூப்பிட்ட மாதிரி ஒரு தடவை கூப்பிடு.

அம்மா