மலைமுழுங்கியின் வலப்பக்கம்

நவம்பர் 10, திங்கள்

காலையில் தூறல். பத்து மணிக்கு வெயில். பன்னிரண்டுக்கு மறுபடி தூறல். வானத்துக்கே ஷிஃப்ட் குழப்பம்.

பிற்கால ஆராய்ச்சியாளர் கவனத்துக்கு: மலைமுழுங்கி (இனி ம.மு.) என்பது வண்டி. பிறப்பால் ஏலத்தில் எடுத்த பழைய பிக்கப். பதினான்கு மாத வளர்ப்பில் டயர் என் இடுப்பு உயரம். ஏறுவதற்கு ஏணி. கூரைமேல் நின்றால் இலங்கை தெரியும். மேகம் இல்லாத நாளில் கொழும்பில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை தெரியும். ரோட்டில் ஓட்டச் சட்டம் விடாது. வல்லக்கோட்டைக்கு இந்தப் பக்கம் விற்காமல் கிடக்கும் பிளாட்டுகள்தான் அதன் சாம்ராஜ்யம். நான் சக்கரவர்த்தி. படை, அமைச்சர், குடிமக்கள்: காலியிடம்.

இன்று முடித்தது:
– பின்னால் கமான் பட்டைக்கும் (வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங்) ஆக்ஸிலுக்கும் நடுவே ஆறு அங்குல இரும்புக் கட்டை. வண்டி இன்னும் உயரம்.
– பட்டை, கட்டை, ஆக்ஸில் மூன்றையும் சேர்த்துக் கட்டும் யூ-போல்ட். பக்கத்துக்கு நாலு நட்டு. கம்பெனியில் இருந்தபோது நான் பண்ணிய அதே வேலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன்.
– ஊறுகாய் வாங்க மறந்தாயிற்று.

மாடியில் நாலு வாடகை ரூம், பதினோரு தெற்கத்தி ஆட்கள். முகம் பார்ப்பது அபூர்வம். வாசலில் செருப்புகளைப் பார்த்து ஷிஃப்ட் சொல்வேன். இன்று ஆறு ஜோடி. பி ஷிஃப்ட் தூங்குகிறது.

சாயங்காலம் ஞானம் ஃபோன். எடுக்கவில்லை. கையெல்லாம் கிரீஸ்.

நவம்பர் 12, புதன்

மழை. ஷெட் ஒழுகல் மூன்று இடம். மூன்று பக்கெட். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதி. கச்சேரிக்கு ஆள் வைக்க வேண்டியதில்லை.

ஞானம் மறுபடி ஃபோன். கையில் கிரீஸ் இல்லை. எடுக்கவில்லை.

ஞானப்பிரகாசம். கம்பெனியில் பத்தொன்பது வருடம் எனக்கு எதிரில் நின்றவன். லாரி சேஸிஸ் லைன். நான் இடது பக்கம், அவன் வலது பக்கம், நடுவில் சேஸிஸ். அவனவன் பக்கத்து நட்டை அவனவன் டைட் பண்ண வேண்டும். பிறகு எதிர்ப்பக்கத்து ஆள் வந்து சோதித்து, மஞ்சள் பெயிண்ட் பேனாவால் நட்டின்மேல் ஒரு கோடு போட வேண்டும். கோடு இருந்தால் இரண்டு பேர் பார்த்தாயிற்று என்று அர்த்தம். அவன் நட்டுக்கு நான் போட்ட கோடுகளை வரிசையாக ஒட்டினால் நிலாவுக்கு மூன்று தடவை போய்வரலாம்.

சாப்பாடு ஒரே மேஜை. பஸ்ஸில் ஒரே சீட்டு. மூன்று வருடமாக அவன் கூப்பிட்டால் நான் எடுப்பது குறைவு. ஏன் என்று எழுதப்போவதில்லை. இது வண்டி நோட்டு.

நவம்பர் 13, வியாழன்

ஃபோன் எடுக்காதவனைத் தேடி ஞானமே வந்துவிட்டான். பைக்கில், ரெயின்கோட்டோடு.

"இன்னாடா தணிகா, ஃபோன எடுத்தா உன் ராஜ்ஜியம் பறிபூடுமா?"

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். சிரித்தான். இதை ஓட்ட லைசன்ஸா, பாகன் வேலைக்கு எழுதிப்போடணுமா என்று கேட்டான். பிறகு பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்து விஷயத்துக்கு வந்தான். வருகிற 23 ஞாயிறு, மகள் ஜெனிக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதல் தடவை நற்கருணை வாங்கும் நாள். தாய்மாமன் வெள்ளைக் கவுன் எடுத்துவந்து, மாலை போட்டு, கோயில் வாசலிலிருந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போக வேண்டும். அவர்கள் வீட்டு வழக்கம்.

"சகாயம் வர மாட்டான். நானும் கூப்ட மாட்டேன். அந்த எடத்துல நீ நில்லுடா. அதுக்கு வேற யாரு கீறாங்க மாமான்னு சொல்லிக்க?"

நிற்கிறேன் என்றேன். யோசிக்கவே இல்லை. அம்பத்தூரில் இருக்கும் என் அக்கா பிள்ளைகள் என்னை மாமா என்று கூப்பிட்டு ஒரு தீபாவளி ஆயிற்று. இன்று முதல் நான் தாய்மாமன். கோட்டையில் கொடி ஏற்றலாம், யானைமேல் ஆள் விட்டுப் பறை அறையலாம்.

சகாயம் என்பவன் ஞானத்தின் மனைவி ரீட்டாவுக்குத் தம்பி. எங்கள் லைனிலேயே ரிலீவர். யாராவது தண்ணீர் குடிக்கப் போனால் அந்த இடத்தில் நிற்பவன். மாமனும் மச்சானும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் ஒரு நட்டு.

ஞானம் போன பிறகு ரொம்ப நேரம் டீ சூடு பண்ணிக்கொண்டே இருந்தேன். வற்றிவிட்டது.

நவம்பர் 15, சனி

மேகமூட்டம். சேறு அருமையான பதம், கேசரி மாதிரி. ம.மு.வின் வெள்ளோட்டம்.

பயணிகள்: நான். இடது சீட்டில் ஸ்பானர் பெட்டி, பெல்ட் போட்டு.

முதல் பள்ளம்: தாண்டியது. இரண்டாவது: தாண்டவில்லை, முழுங்கியது. குட்டை: டயர் முக்கால் முழுகியும் போனது. எதிரில் ஒரு எருமை நின்று பார்த்தது. அதன் கண்ணில் பொறாமையைக் கண்டேன். உரக்கக் கத்தினேன். கத்தலைக் கேட்க ஆள் இல்லாவிட்டால் அது ஒரு மாதிரி திரும்பிவந்து நம்மேலேயே விழுகிறது.

பதினோராவது நிமிடம், மண்மேட்டில் ஏறும்போது பின்னால் பீரங்கி வெடித்தது. வலது பட்டை கட்டையை விட்டு நழுவி, ஆக்ஸில் கோணிக்கொண்டு, டயர் பாடியில் போய் மாட்டி, ஷாஃப்ட் உருவிக்கொண்டு மண்ணில் குத்தி நின்றது. பதினான்கு மாதம். பதினோரு நிமிடம்.

ரூம்காரர் சுடலைமுத்து, கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், லுங்கியோடு வந்து பார்த்தார். "என்ன அண்ணாச்சி, வண்டி முட்டி போட்டுச் சாமி கும்புடுதாக்கும்?" என்றார். அவர்தான் டிராக்டர் பிடித்துவந்து ஷெட் வரை இழுத்துக் கொடுத்தார். டீ குடிக்கச் சொன்னேன். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதாம்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். சாக்கு விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன்.

இடது பக்கம் நாலு நட்டும் பாறை. வலது பக்கம் இரண்டைக் காணோம். மீதி இரண்டும் விரலால் தொட்டால் சுற்றுகின்றன.

சந்தேகப் பட்டியல்:
1. போல்ட் விற்ற கடைக்காரர்.
2. எருமை.
3. அந்நிய நாட்டு உளவாளிகள்.

அப்புறம் டார்ச் அடித்தேன். சுற்றுகிற இரண்டு நட்டின்மேலும் மஞ்சள் கோடு. என் கோடு.

திங்கட்கிழமை நடந்தது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இடது பக்கம் நாலும் டைட் பண்ணினேன். ரெஞ்சைக் கீழே வைத்தேன். பேனாவை எடுத்துக்கொண்டு வலது பக்கம் போனேன். நாலு கோடு போட்டேன். மூடியைப் போட்டேன். வேலை முடிந்தது.

வலது பக்கத்தை ஞானம் டைட் பண்ணியிருப்பான் என்று என் கை நம்பியிருக்கிறது. ஷெட்டில் அப்போது என்னைத் தவிர ஒரு பல்லி இருந்தது.

இடது பக்கம் பார்த்தேன். பாறை மாதிரி நாலு நட்டு, ஒன்றிலும் கோடு இல்லை. அதைப் போட வேண்டியவன் வரவில்லை அல்லவா.

ரொம்ப நேரம் அடியிலேயே படுத்திருந்தேன்.

சரி, எழுதிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், ஞானம் தண்ணீர் குடிக்கப் போனான். அடுத்த சேஸிஸ் வந்தது. எனக்குக் கொழுப்பு. அவன் டைட் பண்ணாத நாலு நட்டுக்கும் முன்கூட்டியே கோடு போட்டு வைத்தேன். திரும்பி வந்து கண்டுபிடிக்கிறானா பார்ப்போம், இல்லாவிட்டால் ஒரு வாரம் அவனைக் கேலி பண்ணலாம் என்று. அதற்குள் சூபர்வைசர் என்னைக் கூப்பிட்டார். ஒரு நிமிடப் பேச்சு. ஞானம் வந்தான், கோட்டைப் பார்த்தான், ரிலீவர் சகாயம் முடித்துவிட்டான் என்று நினைத்து விட்டுவிட்டான். லைன் நகர்ந்தது. சேஸிஸ் போயே போயிற்று.

முடிந்த வண்டிகள் நிற்கும் யார்டில், ஆடிட்டில் பிடித்தார்கள். யாருக்கும் அடி இல்லை. விசாரணையில் ஞானம் சொன்னான், மச்சான்தான் டைட் பண்ணியிருக்கணும் என்று. சகாயம் சொன்னான், நான் அந்த வண்டியைத் தொடவே இல்லை என்று. ஒருத்தன் இன்னொருத்தனைப் பொய்யன் என்றான். இரண்டு பேருக்கும் மெமோ. ஞானத்தை லைனிலிருந்து யார்டுக்கு மாற்றினார்கள், வெயிலில். நான் அப்போது சூபர்வைசரோடு நின்றதால், கோடும் ரிலீவர் போட்டது என்றே முடிவு கட்டினார்கள். ஒப்புக்கு என்னையும் கேட்டார்கள். நான் கவனிக்கவில்லை சார் என்றேன்.

வாய் ஓயாமல் பேசுகிறவன் அன்றைக்கு மூன்றே வார்த்தை.

நவம்பர் 17, திங்கள்

தாம்பரம் போய்க் கவுன் வாங்கினேன். முத்து வைத்தது, தலைக்குக் கிரீடம், வலைத்துணி. கடைப் பெண் யாருக்கு சார் என்று கேட்டாள். மருமகளுக்கு என்றேன். நாக்குக் கூசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பஸ்ஸில் மடியில் பை. மணிமங்கலம் தாண்டும்வரை ஒரு யோசனை: ஞாயிறு முடிந்த பிறகு சொல்லலாம். ஒரு நாள் தாய்மாமனாக நின்றுவிட்டுச் சொல்லலாம். உலகம் இதுவரை கண்ட யோசனைகளில் இதுதான் அயோக்கியத்தனமானது. இருந்தும் இரண்டு ஸ்டாப் வரை நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 19, புதன்

மழை இல்லை. மத்தியானம் ஞானத்துக்கு ஃபோன் செய்தேன். யார்டில் இருந்தான். கவுன் அளவு கேட்கத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, ஜெனி ரெண்டு நாளாக உன் வண்டியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றான். அவனை நிறுத்திச் சொல்லிவிட்டேன். தண்ணீர் குடிக்கப் போனதிலிருந்து மூன்று வார்த்தை வரை.

அந்தப் பக்கம் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். பீப் பீப். லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"ரீட்டா மூணு வருசமா தம்பி வூட்டுப் படி ஏறல" என்றான்.

தெரியும் என்றேன்.

"அந்த கிறிஸ்மஸுக்கு நீ வந்த. என் பக்கத்துல குந்திகினு கேக் துன்ன."

ஆமாம் என்றேன். வைத்துவிட்டான்.

நவம்பர் 20, வியாழன்

ஃபோன் இல்லை.

வலது பட்டையைக் கழற்றினேன். ஷாஃப்ட் வளைவு. ஆக்ஸில் தப்பித்தது. கத்தரிக்காய்க் குழம்பு, உப்பு ஜாஸ்தி. செருப்பு நாலு ஜோடி.

நவம்பர் 21, வெள்ளி

ஃபோன் இல்லை. சார்ஜ் இருக்கிறதா என்று பதினேழாயிரம் தடவை பார்த்தேன். இருந்தது.

நவம்பர் 22, சனி

தூறல். பதினொரு மணிக்குப் பைக் சத்தம். ஞானம். பின்னால் ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். சகாயம். முன்னந்தலை நரைத்துவிட்டது.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஞானம் ஷெட் கதவோரம் நின்றான்.

"என்கிட்ட சொன்னத இவன்கிட்ட சொல்லு."

ஆரம்பித்தேன். பழக்க தோஷம், அன்றைக்கு லைனில் கொதித்த வெயிலில் இரும்பே வியர்த்தது என்று எங்கேயோ தொடங்கினேன்.

"கதை வுடாத. நேரா சொல்லு."

நேராகச் சொன்னேன். ஆறேழு வாக்கியம்தான் வந்தது. மூன்று வருடமாக இதைத்தான் மலை மாதிரி சுமந்தேனா என்று இருந்தது. சகாயம் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். முடிந்ததும் வண்டிப் பக்கம் போய்க் குனிந்து அடியில் பார்த்தான். ரிலீவர் கண், எங்கே காலியிடம் என்று தானாகத் தேடும்.

"ரைட் சைடு யாருண்ணா டைட் பண்ணது?"

"யாரும் பண்ணல."

அவன் எழுந்து கையைப் பேன்ட்டில் துடைத்தான். "எங்கம்மா போய்ச் சேர்ந்தப்போ அக்கா வாசல்லயே நின்னு பாத்துட்டுப் போச்சுண்ணா. உள்ள வர்ல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. தகவல் மாதிரி சொன்னான். அடித்திருக்கலாம்.

மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேரிடமும் தனித்தனியாக.

கவுன் பையை எடுத்துவந்து நீட்டினேன். ஞானம் வாங்கவில்லை.

"சகாயம் எடுத்துட்டான். நேத்தே."

பைக்கில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஸ்டார்ட் பண்ணாமல் கொஞ்ச நேரம் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஜெனியிடம் மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்வதாகச் சொன்னான். அப்புறம் வண்டியைக் காட்டி, "அந்த யூ-போல்ட்ட திரும்பப் போடாத. நீட்டம் வாங்கிகினு கீது. புதுசு வாங்கு" என்றான்.

வாங்குகிறேன் என்றேன்.

சகாயம் பின்னால் ஏறி மாமன் தோளில் கை வைத்துக்கொண்டான். மண் ரோடு, குலுக்கல். பிடிக்காமல் உட்கார முடியாது. ஆனாலும் தார் ரோடு வந்த பிறகும் எடுக்கவில்லை. நான் பார்த்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

நல்ல வெயில். துணி துவைத்தேன். போல்ட் கடை லீவு.

செருப்பு ஒன்றுகூட இல்லை. ஓவர்டைமாக இருக்கும்.

பத்து மணிக்குப் பூசை. கோயில் இங்கிருந்து ஏழு கிலோமீட்டர். ஒன்பதே முக்காலுக்கு ஷெட் கதவு இரண்டையும் திறந்துவைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். மணிச்சத்தம் கேட்டது என்று எழுத ஆசை. கேட்கவில்லை.