கணக்கு வாத்தியார்கள் வரிசையில் இருக்கும் அத்தைக்கு

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அப்பாவிடம். பயத்தில் என் பெயரைக்கூட எழுதாமல் விடுகிறேன்.

நான் பார்க்காமலே என் பிரியத்துக்கு உரியவராகிவிட்ட அத்தைக்கு,

நம் வீட்டில் உங்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. கூடப் படித்த கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்துகொண்டீர்கள், வீட்டில் சேர்க்கவில்லை. அம்மா ஒருமுறை வாய்தவறிச் சொன்ன உங்கள் பெயரும் இதுவும்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அப்பா கல்யாணத்தைக் குறை சொல்வதில்லை, கணக்கைத்தான் சொல்வார். நான்காம் படிவ வகுப்புக்குக் கூடுதல் கணிதம் எடுக்கிறேன் என்று விண்ணப்பத் தாளை நீட்டியபோதும் அதேதான். "கணக்கு ஒருத்தியக் கொண்டுபோனது போதும். வணிகம் எடு." கையெழுத்துப் போடவில்லை. நாளைக்குக் கடைசி நாள்.

என் தோழியின் அக்கா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பரீட்சைக்கு முன்னால் அவர்கள் கிள்ளானுக்கு வந்து, மூன்று கணிதப் பேராசிரியர்களின் கல்லறையில் ஆளுக்கொரு பென்சில் வைப்பார்களாம். "நடுவுல இருக்கிறது தமிழ்ப் பொண்ணு. ரொம்ப கெட்டிக்காரங்களாம்லா" என்று சொல்லி உங்கள் பெயரைச் சொன்னாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

நம் வீட்டுப் பெண்கள் இடுகாட்டுக்குப் போகக்கூடாது. சனிக்கிழமை டியூஷன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

கேட்டருகே பெருக்கிக்கொண்டிருந்த ஆன்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன, எக்ஸாமா?"

"இல்ல ஆன்டி. சும்மா பாக்க வந்தேன்."

"சும்மா யாரும் இங்க வரமாட்டாங்கம்மா. கணக்கு வாத்தியாருங்க வரிசைதான? அதோ, பென்சிலா கெடக்கு பாரு. பெருக்கிப் பெருக்கி எனக்கு இடுப்பு போச்சு. செத்த பிறகும் அவங்கள ஹோம்வர்க் செய்யச் சொன்னா எப்படிலா?"

இடப்பக்கம் ஒரு சீனப் பேராசிரியர். அவர் கல்லில் ஒரு வட்டமும் அதைத் தொட்டுப் போகும் ஒரு கோடும். வலப்பக்கம் ஒரு வயதானவர், வெறும் பெயர் மட்டும். நடுவில் நீங்கள். உங்கள் பெயருக்குக் கீழே 'இன்னாரின் மகள்' என்று தாத்தாவின் பெயர். சேர்க்காமல் விட்டவர்களின் பெயரை நீங்கள் ஏன் விடவில்லை, அத்தை?

அதற்கும் கீழே ஒரே ஒரு வரி சமன்பாடு. எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. என் அத்தை கண்டுபிடித்ததை நான் படித்துப் புரிந்துகொள்ளக்கூடாது என்று சொல்ல இவர்கள் யார்?

என் பென்சிலை வைத்துவிட்டுத் திரும்பும்போது ஆன்டி சொன்னார்: "நடுவுல உள்ளவங்களுக்கு மாசாமாசம் ஒரு அங்கிள் வருவாரு. மோட்டார நிறுத்திட்டு வந்து நிப்பாரு. ஹெல்மெட்டக் கழட்டவே மாட்டாரு. பேய்க்குப் பயமா அண்ணேன்னு கேட்டேன். மோட்டார எடுத்துட்டுப் போயிட்டாரு."

உங்கள் கணவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு தப்பு செய்துவிட்டேன், அத்தை. ஒன்றாம் வகுப்பிலிருந்தே என் பொருள்கள் எல்லாவற்றிலும் அம்மா என் பெயரை எழுதி டேப் போட்டு ஒட்டிவிடுவார். ரப்பர், ரூலர், தண்ணீர் போத்தல், எல்லாவற்றிலும். பென்சிலிலும்.

இன்றைக்கு அப்பா காப்பாரில் வேலை முடிந்து தாமதமாக வந்தார். சாப்பிட உட்கார்ந்தபோது, சட்டைப் பையிலிருந்து அந்தப் பென்சிலை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எங்க கெடந்துச்சு இது?" என்று அம்மா கேட்டார்.

"வழியில." அவ்வளவுதான். என்னை அவர் பார்க்கவே இல்லை. ஹெல்மெட் அவர் நாற்காலிக்குக் கீழே கிடந்தது.

நான் எங்கே போனேன் என்று அவருக்குத் தெரியும். அவர் எங்கே போகிறார் என்று எனக்கும் தெரியும். அங்கே போகாதவர் கைக்கு இந்தப் பென்சில் எப்படி வந்திருக்கும்? உங்களிடம் வந்து நிற்கலாம், உங்கள் பெயரை மட்டும் வீட்டில் சொல்லக்கூடாதா? மாசாமாசம் வந்து உங்களிடம் என்னதான் சொல்கிறார்?

எனக்கு இன்னும் பயம்தான். வீட்டை விட்டுப் போன அன்றைக்கு உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா?

ஆனாலும் விண்ணப்பத் தாளை நிரப்பிவிட்டேன். கூடுதல் கணிதம் என்ற கட்டத்தில் பேனாவால் அழுத்திச் சரிக்குறி போட்டிருக்கிறேன். யாரும் ரப்பர் வைத்து அழிக்க முடியாது. அப்பாவின் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருக்கிறது. கிடைக்கும்வரை கேட்பேன். கல்லில் இருக்கும் அந்த வரி புரிகிற அன்றைக்கு, உங்கள் முன்னால் வந்து நின்று அதை வாய்விட்டுப் படிப்பேன். அப்பாவையும் கூட்டி வருவேன், ஹெல்மெட் இல்லாமல். இது சத்தியம்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மா தட்டமாட்டார், அப்படியே திறந்துகொண்டு வருவார்.

இந்தத் தாளை மறைக்கப்போவதில்லை, அத்தை. பெயரையும் எழுதிவிடுகிறேன்.

உங்கள் அண்ணன் மகள்,
யாழி