மியூட்டு பத்ரி

ஜூலை 3, 2024, புதன்

ஒத்திகை முடிந்து மயிலாப்பூர் வந்து சேர ஏழு மணி ஆகிவிட்டது. ஒத்திகையில் கருணாகரன் சார் பத்தாம் ஆண்டுக் கச்சேரியின் போஸ்டரைக் காட்டினார். மேலே சிவப்பில் எங்கள் இசைக்குழுவின் பெயர், 'கத்திரி வெயில்'. கீழே நாங்கள் நாலு பேர், ஆளுக்கொரு பட்டப்பெயரோடு. பாடுகிற சுஹாஸ் 'கரன்ட்டு'. லீட் கிதார் ஆசிஃப் 'நவாப்'. டிரம்ஸ் பாலகணேஷ் 'கசாப்பு'. பேஸ் கிதார் நான், 'மியூட்டு'. என் வாய்மேல் மட்டும் கறுப்பு டேப் ஒட்டியதுபோல வரைந்திருக்கிறார்கள்.

எல்லாப் பெயரும் மேனேஜர் என்ற முறையில் சார் வைத்தவை. நவாப் ஆதம்பாக்கத்தில் ஒரே அறை உள்ள வாடகை வீட்டில் இருக்கிறான். கசாப்பு முட்டைகூடத் தொடமாட்டான். தெருநாய் நொண்டினால் அழுவான். நான்? எனக்குத் திக்குவாய். அவ்வளவுதான் விஷயம்.

முதல் டிவி பேட்டியில் பெயர் கேட்டார்கள். 'ப'வில் உதடு ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை. அரை நிமிடம் இருக்கும். சார் ஓரத்திலிருந்து, "அவரு பேச மாட்டாருங்க. வாசிக்க மட்டுந்தான் செய்வாரு" என்றார். அரங்கமே கை தட்டியது. அன்று அவர் காலில் விழலாம் போலிருந்தது.

அதிலிருந்து வெளியில் யாரும் என் குரலைக் கேட்டதில்லை. கடைக்குப் போனால் விரலால் காட்டிவிடுவேன். அதற்கும் கை தட்டுகிறவர்கள் உண்டு.

ஜூலை 5, வெள்ளி

கோபாலபுரம் பள்ளியிலிருந்து என் மனைவி ஸ்ரீலக்ஷ்மியின் போனுக்கு ஒரு படம் வந்தது. எங்கள் மஹதி. ஒன்றாம் வகுப்பு பெஞ்சின்மேல் நிற்கிறாள். வாயில் கறுப்பு டேப். சுற்றிலும் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள்.

அவளுக்கும் திக்கும். நாலு வயதில் ஆரம்பித்தது. போன மாதம் பாடம் வாசிக்கச் சொன்னபோது வகுப்பே சிரித்திருக்கிறது. பள்ளியில் பேசுவதைக் குறைத்துவிட்டாள் என்று தெரியும். கூச்சம், சரியாகிவிடும் என்றிருந்தோம்.

"யாருடி கண்ணா இதை ஒட்டிவிட்டா?" என்று லக்ஷ்மி கேட்டாள். குழந்தை வாயைத் திறக்கவில்லை. நோட்டை எடுத்துக் கோணல்மாணலாக எழுதிக் காட்டினாள்: 'நானும் மியூட்டு.'

எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பெருமையாக. அதைத்தான் தாங்க முடியலை.

ஜூலை 6, சனி

இன்று வீட்டிலும் ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுகிறாள்.

ஜூலை 11, வியாழன்

அடையாறில் பேச்சுப் பயிற்சி தருகிற சிம்ராவிடம் போனோம். மஹதியை லக்ஷ்மியோடு வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "வீட்ல நீங்க பேசுவீங்களா சார்?"

கொஞ்சம், என்று சொல்லி முடிக்கவே நேரமானது. எந்த வார்த்தை திக்குமோ அதைத் தொடமாட்டேன். பால் என்று சொல்ல வராது. 'அதைக் குடி' என்பேன். மஹதி என்று வராது, 'குழந்தே' என்பேன். ஆறு வருஷத்தில் என் பெண்ணை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இன்றைக்குத்தான் இதை யோசித்தேன்.

"அவளுக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான் சார். திக்கினா சிரிப்பாங்க, பேசாம இருந்தா கை தட்டுவாங்க. அவ முடிவு பண்ணினதுல என்ன தப்பு?" என்றார் சிம்ரா. "அவ முன்னாடி மறைக்காம திக்குங்க. அது போதும் இப்போதைக்கு."

அது போதுமாம்.

ஜூலை 13, சனி

கதைப்புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே புலி. பு, பு, பு. அவள் காது சிவந்துவிட்டது. எழுந்து வந்து தன் உள்ளங்கையால் என் வாயை மூடினாள். விளையாட்டாக இல்லை. அழுத்தி.

என்னைப் பார்த்து வெட்கமா அவளுக்கு? பரிதாபமா? எதுவா இருந்தா என்ன. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுண்டு அழுதேன்.

ஜூலை 16, செவ்வாய்

தி. நகரில் சாரைப் பார்த்தேன். அவர்கள் குடும்ப ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடிதான் அலுவலகம். கச்சேரியில் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்றேன். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

"தம்பி, ஒங்களுக்கு நான் என்னைக்காவது கெடுதல் செஞ்சிருக்கேனா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"வாயத் தொறந்தா நீங்க திக்குவாய் உள்ள ஒருத்தரு. மூடியிருந்தா மியூட்டு. ஜனங்க யாரப் பாக்க வாராங்க? பிள்ளைக்கு எந்த டாக்டர் வேணும்னாலும் நான் பாத்துத் தாரேன். மேடையில மட்டும் வேண்டாம்."

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 22, திங்கள்

தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பியிருந்தார். காலாண்டுப் பரீட்சைக்குள் பேசவில்லையென்றால் 'வேற மாதிரி ஸ்கூல்' பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் லக்ஷ்மி வெடித்துவிட்டாள். "அவ உன்னைப் பாத்துண்டுதான் வளர்றா பத்ரி. நீ கறுப்புக் கண்ணாடியைப் போட்டுண்டு கல்லு மாதிரி நிக்கறே, ஊரே கத்தறது. அவ வேற என்னத்தைக் கத்துப்பா?"

நான் என்ன பண்ணட்டும்னு நானும் கத்தணும். 'நா'விலேயே நின்றுவிட்டது. கத்தக்கூட எனக்கு வராது. வாசற்படியில் மஹதி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

எங்கே போவது? யாரைக் கேட்பது?

ஜூலை 30, செவ்வாய்

ஒத்திகையில் நாலு இடத்தில் தாளம் விட்டேன். இத்தனை வருஷத்தில் விரல் திக்கியதே இல்லை. இப்போது அதுவும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

நேற்று நந்தனத்தில் கச்சேரி. நான் செய்யப்போவது லக்ஷ்மிக்கு மட்டும்தான் தெரியும். மஹதியைக் கூட்டிக்கொண்டு மேடையின் பக்கவாட்டில் வந்து நின்றாள்.

நாலாவது பாட்டு முடிந்ததும் வழக்கம்போல் "மியூட்டு! மியூட்டு!" என்று கத்தினார்கள். வழக்கமாக ஒரு கையைத் தூக்குவேன். நேற்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு சுஹாஸின் மைக்குக்குப் போனேன். கூட்டம் கூரை பறக்கிற மாதிரி இரைந்தது. பிறகு ஒரேயடியாக அடங்கியது.

"என் பேரு ப..."

ஒட்டிக்கொண்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் முன்வரிசை. எங்கே பார்த்தாலும் போன் வெளிச்சம். "சவுண்டு வரல நைனா!" என்று ஒரு குரல். சுஹாஸ் அடுத்த பாட்டை ஆரம்பி என்று பின்னால் சைகை காட்டினான். பாலகணேஷ் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். அவனிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

'பத்ரி' என்று வந்தபோது மைக் செத்துப்போனது. யாரோ அணைத்துவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. பத்ரிநாராயணன், எனக்குத் திக்கும், சின்ன வயசிலேர்ந்து திக்கும் என்று சொல்லி முடித்தேன். பத்துப் பேருக்குக் கேட்டிருந்தால் அதிகம். மஹதி இருந்த பக்கம் பார்த்தேன். லக்ஷ்மியின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

பாக்கி ஏழு பாட்டும் வாசித்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

என் 'ப'வைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுத் தாளம் போட்டு வீடியோவாக்கியிருக்கிறார்கள். புதுப் பெயரும் வைத்தாயிற்று: 'பஃபரிங் பத்ரி'. பள்ளி வேனில் பிள்ளைகள் மஹதியிடம் இதைச் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். இன்று சாப்பிடாமலேயே படுத்துவிட்டாள்.

என்ன காரியம் பண்ணிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சார் போன் செய்தார். "வேற ஆளப் பாத்தாச்சு தம்பி." குரல் கம்மியிருந்தது. நான் சரி என்று சொல்லத் தொடங்கி, அது வெளியே வருவதற்குள் போனை வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

பாலகணேஷ் வந்தான். "இன்னா மச்சி, இப்டியே ஒக்காந்துகினு கீற?" அவன் குழுவை விடவில்லை. "எனுக்கு வேற பொயப்பு இன்னா கீது, சொல்லு" என்றான். தப்பில்லை.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "அன்னிக்கு மைக்கு போச்சுல்ல, அதுக்கப்பறமும் எனுக்குக் கேட்டுச்சு மச்சி. கடைசி வரிக்கும் கேட்டுச்சு."

மஹதி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் டாட்டா காட்டியதற்குக் கையை மட்டும் ஆட்டினாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஒன்றும் மாறவில்லை. வேலையும் போயிற்று, பெயரும் நாறிற்று, குழந்தை பேசவில்லை. இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதால் எல்லாரிடமும் பேசித் தொலைக்கிறேன். ஆட்டோக்காரர், காய்கறிக்காரி, மாடவீதி மளிகைக்கடை. மஹதி என் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே வருகிறாள். கால் கிலோ பருப்பு கேட்பதற்குள் பின்னால் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். கடைப்பையன் சிரித்தான். அவள் அவனை முறைத்த முறைப்பில் பொட்டலத்தைக் கட்டாமல் நின்றுவிட்டான்.

வீட்டுக்கு வந்து லக்ஷ்மியிடம் சொன்னேன். "நிஜமாவா?" என்று நாலு தரம் கேட்டாள்.

செப்டம்பர் 12, வியாழன்

கல்யாணங்களுக்கு வாசிக்கிற மெல்லிசைக் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். அங்கே எல்லாரும் 'பேஸு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். 'கத்திரி வெயிலு'க்கு வந்திருக்கும் புது ஆளுக்கு 'நிழல்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். நல்ல பையன் என்று பாலகணேஷ் சொன்னான்.

சிம்ராவைப் பார்த்துவிட்டு அடையாறு பஸ் ஸ்டாப்பில் நின்றோம், நானும் மஹதியும். நல்ல கூட்டம். சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"அப்பா, சி, சி, சி..."

ஜூலையிலிருந்து இந்தக் குரலைக் கேட்கவில்லை. "சிந்துவா? உன் கிளாஸ் சிந்துவா?" என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். சிந்துவில் எனக்குத் திக்கவே இல்லை, பாழாய்ப்போக.

காலைத் தரையில் ஓங்கி உதைத்தாள். "நா, நா, நான் சொல்லிண்டு இருக்கேன்ல!"

ஸ்டாப்பில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள், சரியான கோபத்தோடு. தப்புத்தான் என்றேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். சிந்து இவளுடைய மாம்பழ ரப்பரைக் கடித்துவிட்டாளாம், கேட்டால் தான் இல்லையென்று மிஸ்ஸிடம் பொய் சொன்னாளாம், நாளைக்கு இவளே மிஸ்ஸிடம் போய்ச் சொல்லப்போகிறாளாம்.

நடுவில் எங்கள் பஸ் 29சி வந்தது. உட்கார இடம்கூட இருந்தது. அவள் இன்னும் ரப்பரிலேயே இருந்தாள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.