முனியாண்டி வளைவும் உன் மெஷினும்

கூட்டாளி,

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. தேயிலைப் பெட்டிகளோடு மலை இறங்கும்போது வழக்கம்போல முனியாண்டி வளைவில், சாமியின் சூலத்துக்கு முன்னால் லோரியை நிறுத்தினேன். சூடம் ஏற்றினேன். தேங்காயை ஓங்குவதற்கு முன்னால் விரலை மடக்கிக் கல்லை ‘டொக் டொக்’ என்று தட்டினேன். கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த டிரைவர் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தார். "என்னாண்ணே, சாமி வீட்டுல இருக்காரான்னு தட்டிப் பாக்குறீங்களா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். சூடப் புகை மூக்கில் ஏறியதும் நீ மனசுக்குள் வந்துவிட்டாய்.

அந்த மனிதரிடம் எல்லாவற்றையும் எங்கே சொல்வது? பின்னால் லோரிகள் ஹார்ன் அடிக்கின்றன. உன்னிடமே சொல்லிக்கொள்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நீ எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டர். நான் லோரி டிரைவர், வெள்ளிக்கிழமைகளில் இந்த வளைவுக்குப் பூசாரி. ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் விட்டுப்போன அந்த மெஷினை நீ பழுது பார்த்து எடுத்துக்கொண்டாய். நீண்ட குச்சி, நுனியில் தட்டு, காதுக்கு ஒரு கருவி. மண்ணுக்குள் இரும்போ வெள்ளியோ தங்கமோ இருந்தால் ‘குய்’ என்று கத்தும். வரிசை வீடுகளில் இருந்த லயத்துச் சனமே உன்னைப் பார்த்துச் சிரித்தது. "ஜப்பான்காரன் பொதச்சுட்டுப் போன தங்கத்தைத் தேடுறான்லா, நாளைக்கு நம்மளையெல்லாம் காசு கொடுத்து வாங்கிருவான்" என்று நானும் எத்தனை தடவை கேலி செய்திருப்பேன்!

ஆனால் நீ தேடிய விதமே வேறு. இடித்துப் போட்ட பழைய லயத்தைத் தோண்ட மேனேஜர் துரையிடம் அனுமதி கேட்டாய். கம்போங் ராஜா டவுன் போலீசிலும் சொல்லி வைத்தாய். "மெஷினும் மண்வெட்டியுமா காட்டோரம் போனா கம்யூனிஸ்ட்டுன்னு சுட்டுருவான்லா" என்பாய். கோயில் பக்கமும் புதைகாட்டுப் பக்கமும் மெஷினைத் திருப்பவே மாட்டாய். ஒரு முறை பழைய வெள்ளித் தண்டை ஒன்று கிடைத்தது. வீடு வீடாகக் காட்டி, அதற்குரிய குடும்பத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் உட்கார்ந்து டீ குடித்தாய். தோண்டிய இடத்தில் புல்லைத் திரும்ப வைத்துக் காலால் மிதித்துவிடுவாய். "குழிய மூடாம வந்தா அதுக்குப் பேரு தேடுறது இல்ல, திருட்டு" என்பாய்.

கோயில் பக்கம் மெஷினைத் திருப்பாத உன்னை இழுத்து வந்தவன் நான்தான். முனியாண்டிக்குத் திருவிழா நெருங்கிய வாரம். என் மகள் ஒரு காதுத் தோட்டைத் தொலைத்துவிட்டு வந்து நின்றாள். அப்போது அவள் சின்னப் பிள்ளை. வெள்ளிக்கிழமை தோறும் தேங்காய் உடைக்கும் கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து, சில்லைக் கடித்துக்கொண்டு காலாட்டுவாள். அங்கேதான் விழுந்திருக்கும் என்று என் மனைவி சொன்னாள். "சாமிகிட்ட நான் கேட்டுக்கிறேன், நீ மெஷின எடுத்துக்கிட்டு வா" என்றேன்.

அந்தக் கல்லுக்கு ஒரு பெருமை உண்டு. காட்டை வெட்டி ரோட்டை அகலப்படுத்தியபோது சூலத்துக்கு எதிரே தானாகத் தலையைக் காட்டியது. சுயம்பு என்று எல்லோரும் கும்பிட்டார்கள். எண்ணெயும் மஞ்சளும் தேங்காய்த் தண்ணீரும் ஊறி, கன்னங்கரேல் என்று வழவழப்பாக இருக்கும். எந்தத் தேங்காயும் அதில் ஒரே அடியில் இரண்டாகும். பூசாரியின் கைராசி என்று நான் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

மெஷினைக் கல்லருகே கொண்டுபோனதும் அது அலறியது. "சாமி அரிவாளையெல்லாம் தள்ளி வை" என்றாய். வைத்தேன். மறுபடியும் அலறியது. நீ மெஷினை ஓரமாகக் கிடத்திவிட்டு, மண்டியிட்டு, எண்ணெய்ப் பிசுக்கை நகத்தால் மெல்ல வழித்தாய். கறுப்புக்குக் கீழே பச்சைப் பெயின்ட். கையை மெல்ல எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாய்.

"இது கல்லு இல்லலா. கம்யூனிஸ்ட் காலத்துல, காட்டுல ஒளிஞ்சிருந்தவங்க மேல பிளேன்லருந்து போட்ட குண்டு. வெடிக்கல."

எனக்கு வந்ததே கோபம்! சாமி கொடுத்த கல்லைக் குண்டு என்கிறான், திருவிழா நேரத்தில் அபசகுனம் பேசுகிறான் என்று கத்தினேன். நீ பதிலுக்குக் கத்தவில்லை. என் கையைப் பிடித்து, "கோவப்படு. நல்லா கோவப்படு. ஆனா அந்தப் பக்கம், ரோட்டுக்கு அங்கிட்டு வந்து நின்னு கோவப்படு" என்றாய். போகிற வழியில்தான் எனக்கு உறைத்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைச் சுற்றித்தான் லயமே பொங்கல் அடுப்பு மூட்டப்போகிறது. என் பிள்ளை அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தாள்.

நீ மோட்டார் சைக்கிளில் கம்போங் ராஜாவுக்குப் பறந்தாய். நான் ரோட்டின் குறுக்கே லோரியை நிறுத்தி ஒருவரையும் விடவில்லை. மறுநாள் இராணுவத்தார் வந்து பார்த்தார்கள். நீ சொன்னது சரிதான். எங்களையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டு, கயிறு கட்டி அதை எடுத்து, கீழே பள்ளத்தில் இறக்கி வெடிக்க வைத்தார்கள். அப்பப்பா, அந்தச் சத்தம்! மலையே ஒரு தடவை இருமியது போல இருந்தது. என் மனைவி மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்பது அவ்வளவு பெரிய சந்தோஷமாக அதற்குமுன் தோன்றியதே இல்லை.

ஆனாலும் திரும்பி வந்தபோது சிலர் முகம் வாடியிருந்தது. சூலத்துக்கு எதிரே வெறும் குழி. "சாமி நம்மள ஏமாத்திட்டாரே, குண்டுக்கா இத்தன நாளு மஞ்ச பூசுனோம்?" என்று கங்காணியின் மனைவி மூக்கைச் சிந்தினார். அவருக்குப் பதில் நீதான் சொன்னாய்.

"என்னாக்கா இப்படிக் கேக்குறீங்க? வெள்ளிக்கெழம தவறாம அது மண்டையில தேங்கா ஒடச்சிருக்கான் இவன். வெடிக்காமப் பாத்துக்கிட்டது யாரு? நானா?"

யாரோ ‘முனியாண்டி!’ என்று குரல் கொடுத்தார்கள். அவ்வளவுதான், லயமே சிரித்தது. ஆற்றிலிருந்து நல்ல கருங்கல்லாக உருட்டி வந்து குழியில் நட்டோம். ஞாயிற்றுக்கிழமை பொங்கல் பொங்கியது; அன்றுதான் தேங்காய் உடைக்கும் முன் முதல் தடவையாகக் கல்லைத் தட்டிப் பார்த்தேன். மறுவாரம் தோட்டையும் நீயே கண்டுபிடித்தாய், ரோட்டோரப் புல்லில். தோண்டிய இடத்தை மூடி மிதித்த பிறகுதான் என் கையில் கொடுத்தாய்.

அந்தத் தோட்டைப் போட்டுக்கொண்டிருந்தவள் இப்போது பதினேழு வயதில் படிவம் ஐந்து படிக்கிறாள். என்னையே எதிர்த்துப் பேசுகிறாள். பேசட்டும்லா. அவள் வாயாடும் போதெல்லாம் உள்ளுக்குள் உனக்கு நன்றி சொல்கிறேன்.

போன தை மாதம் உன் நெஞ்சு நின்றுவிட்டது. பதினாறாம் நாள் காரியத்தில், உன் வீட்டு வாசலில் தேங்காய் உடைக்கும்படி உன் மனைவி என்னைக் கேட்டார். கண்ணீர் கண்ணை மறைத்தது. குனிந்தேன். என்னை அறியாமல் விரல் மடங்கி, கல்லை இரண்டு தட்டுத் தட்டியது. சுற்றி நின்றவர்கள் விழித்தார்கள். அவ்வளவு அழுகைக்கு நடுவே உன் மனைவிதான் சட்டென்று சிரித்துவிட்டார்.

"கல்லுதாண்ணே," என்றார். "அவரு எப்பவோ மெஷின் வச்சுப் பாத்துட்டாரு. ஒடைங்க."